ஆள்காட்டி முட்டையும் வெள்ளைக் காரும்

காரில் ஏற மாட்டேன் என்று நான் சொன்னதை எங்கள் தெருவில் யாரும் முதலில் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் சவுதியில் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட மனுஷன், வந்த பதினைந்தாவது நாள் வெள்ளைக் கலரில் ஒரு காரை வாங்கி வாசலில் நிறுத்துகிறான். அவன் பெண்டாட்டியோ, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் பறவை பார்க்கப் போகிறாள். நம்புகிற மாதிரியா இருக்கிறது? அவளுக்குக் கிறுக்கு என்றார்கள். திமிர் என்றார்கள். இரண்டாவதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் சஃபியா. வயசு நாற்பத்தேழு. நன்னிலத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் எங்கள் ஊர். எனக்குச் சர்க்கரை வந்த புதிதில் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன், தெரு நாய்களும் கூடவே நடந்தன. அதனால் சைக்கிளை எடுத்தேன். மகள் ஜஸீலா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது வீட்டில் விட்டுவிட்டுப் போனவை இரண்டு. ஒன்று அந்தச் சைக்கிள். இன்னொன்று பள்ளியில் பசுமைப் படைக்காக அவள் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு. ஊரில் பார்த்த பறவைகளை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். காக்கா, மைனா, கொக்கு என்று பதினொன்று எழுதிவிட்டு அப்படியே போட்டுவிட்டாள். அந்தப் பதினொன்று என்னை உறுத்தியது. மதகில் பத்து நிமிஷம் நின்றாலே அதைத் தாண்டிவிடுமே என்று, வெறும் வீம்புக்குத்தான் பன்னிரண்டாவதை எழுதினேன். மூன்று வருஷத்தில் நோட்டு நாலாகிவிட்டது. பறவை நூற்றாறு.

போனில் ஒருநாள் "பைனாகுலர் ஒண்ணு வாங்கி அனுப்புங்க" என்றேன். எதுக்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. முதலில் வந்தது சிவப்பு பிளாஸ்டிக்கில் ஒரு விளையாட்டுச் சாமான். பிள்ளைக்கு என்று நினைத்துவிட்டாராம். பிள்ளை அப்போது ஆஸ்பத்திரியில் ஊசி போடப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை நல்லதாக, கறுப்பாக, கனமாக ஒன்று வந்தது. அந்த விஷயத்தில் அவரை நான் என்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் லியாகத் அலி. ரியாத்தில் ஒரே வீட்டில் டிரைவர். வீட்டு அம்மாவைக் கடைக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு, எல்லாரையும் கல்யாணத்துக்கு என்று ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, வெளியே வண்டியிலேயே காத்திருக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை, ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. ஊரில் யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் அதில்தான் கொண்டுவந்து முடிப்பார்.

கார் வந்த அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகூருக்குப் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். தெருவே வாசலில் நின்றது. நான் புதுச் சேலையோடு இறங்கி வந்தேன். அவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். பின் கதவை. திறந்துவிட்டு ஒதுங்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தியும் நின்றார்.

"பின்னாடியா உக்காரணும்?" என்றேன்.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அங்கத்து அம்மாவுக்குத் திறந்து திறந்து பழகிய கை, தானாகப் போய்விட்டது. தெரு சிரித்தது, அவரும் சிரித்தார். அக்காவான என்னை லாத்தா என்று கூப்பிடுகிற என் தம்பி ஜாஃபர் சாதிக், "மச்சான், லாத்தாவ மேடமாக்கிட்டீங்க" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னால்தான் உட்கார்ந்தேன். நாகூர் போய்ச் சேருகிற வரை அவர் பேசவில்லை. வண்டி ஓடும்போது டிரைவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த ரியாத் வீட்டுச் சட்டம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். நான் ஏதாவது சொன்னால் "ம்" என்பார். போனில் மணிக்கணக்காகப் பேசிய மனுஷன், பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார்.

அடுத்த வாரம், "இனிமே உன் பறவைக்கும் கார்லதான்" என்று வடுவூர் ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏப்ரல் கடைசியில்! ஏரி காய்ந்து கிடந்தது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "போட்டோவுல தண்ணி இருந்துச்சே" என்றார் பாவம்.

ஏரியைக்கூட விடுங்கள், வழியைச் சொல்கிறேன். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தார். நான் பறவையைக் காதால்தான் முதலில் பிடிப்பேன். மூங்கில் புதருக்குள் செம்போத்து ஊதும், கரண்ட் கம்பியில் கரிச்சான் திட்டும், கோரைக்குள்ளிருந்து கம்புள் கோழி கூச்சல் போடும். சைக்கிள் என்றால் ஒரு காலை ஊன்றினால் போதும், நின்றாயிற்று. காரில் நான் "நிறுத்துங்க" என்று சொல்லி, அவர் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, முறையாக ஓரம் கட்டுவதற்குள் அரை கிலோமீட்டர் போய்விடும். பறவை அங்கேயே இருக்கும், நாங்கள்தான் இருக்க மாட்டோம். கொக்கும் நாரையும் காரைக் கண்டால் பயப்படாது, ஆளைக் கண்டால்தான் பறக்கும் என்று அவர் சொன்னார். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் எழுதியது ஒன்பது. என் மகளைவிட இரண்டு குறைவு!

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "கல்யாணத்துக்கு வர்றேன், ஆஸ்பத்திரிக்கு வர்றேன், எங்க வேணா கார்ல வர்றேன். காலையில பறவைக்கு மட்டும் சைக்கிள்தான்."

"ஊரு என்ன பேசும்? கார் வச்சிருக்கவன் பொண்டாட்டிய சைக்கிள்ல வெரட்டி விடுறான்னு பேசாது?"

"மூணு வருஷமா போறேன். அப்ப பேசாத ஊரு இப்ப என்னத்த பேசும்?"

"அப்ப நான் இல்ல."

"அதத்தாங்க நானும் சொல்றேன். நீங்க இல்லாதப்ப எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இத நான் விடமாட்டேன்."

மறுநாள் காலை நான் சைக்கிளை எடுத்தேன். அவர் காரை எடுத்தார். நான் மிதிக்கிற வேகத்துக்கு எனக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார்கள். தார் ரோடு முடிகிற மதகு வரை வந்து, அங்கே ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தேன். அப்படியே இருந்தார். அதிலிருந்து தினமும் அதே கதைதான்.

அவருக்குத் தெரியாத ஒரு கணக்கு என் நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மதகிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையின் வண்டித் தடத்தில் சரளையோடு சரளையாக நாலு முட்டை. ஆள்காட்டிக் குருவி இட்டது. கூடு கீடு ஒன்றும் கட்டாது அது. வெறும் தரையில் நாலு கல்லை ஒதுக்கிவிட்டு இட்டுவிடும். அப்புறம் ஊரில் எவன் அந்தப் பக்கம் வந்தாலும் தலைக்கு மேலே பறந்து கத்திக் காட்டிக்கொடுக்கும். முதல் வாரம் என்னையும் அப்படித்தான் விரட்டியது. நான் தினமும் அதே நேரத்தில், அதே சைக்கிளில், வாய்க்கால் பக்கமாக ஒதுங்கிப் போவேன். மூன்றாவது வாரத்தில் கத்துவதை நிறுத்திவிட்டது. நான் கடக்கும்போது முட்டை மேலேயே உட்கார்ந்து சிவப்புக் கண்ணால் பார்க்கும். ஒரு பறவை என்னை நம்பிவிட்டது என்பதை எப்படிச் சொல்வது? கலெக்டர் கையால் பரிசு வாங்கினாலும் எனக்கு அவ்வளவு பெருமை வராது.

பொரிக்க நாலு வாரம் ஆகும். இருபத்தைந்தாவது நாள், தூர் வாருகிற பொக்லைன் வந்து மதகில் நின்றது. ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்துவிடும், அதற்குள் வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும். நியாயமான வேலை, தண்ணீருக்கு நான் எதிரி இல்லை. மறுகரையில் தென்னை வரிசை, வழி கிடையாது. இந்தக் கரையில்தான் வந்தாக வேண்டும். ஓட்டுகிறவர் ராஜ்குமார் என்ற பட்டுக்கோட்டைக்காரர், நல்ல மாதிரி. போய்ச் சொன்னேன்.

"நாளன்னைக்குக் காலையில அந்தப் பக்கம் ஏறிடுவோம்க்கா" என்றார். "சும்மா நிறுத்தி வச்சா மேல கேள்வி கேப்பாங்க. போன வருஷம் வழியில ஒரு டிராக்டர் கவுந்து கெடந்துச்சு, எழுதிக் குடுத்துட்டு ஒரு நாள் நின்னோம். குருவி முட்டை போட்டிருக்குன்னு எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க."

முடியாதுதான். நாளன்னைக்கு என்றால் இருபத்தேழாவது நாள். குஞ்சு வெளியே வந்துவிட்டால் அரை நாளில் எழுந்து நடந்து வயலுக்குள் போய்விடும். அந்த அரை நாள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இருபத்தாறாவது நாள் சாயங்காலம் பள்ளிவாசலில் யாரோ அவரைச் சீண்டியிருக்கிறார்கள். "மேடம் முன்னாடி போறாங்க, டிரைவர் பாய் பின்னாடி காவலுக்குப் போறாரா?" முகம் சிவந்து வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு மதகோட நிக்க மாட்டேன்" என்றார். "கரைமேலயே ஏத்துவேன். நீ எது வரைக்கும் போறியோ அது வரைக்கும் என் வண்டியும் வரும். வழியில நீயே ஏறிக்குவ பாரு."

"ஏத்தித்தான் பாருங்க" என்றேன்.

சொன்ன மாதிரியே ஏற்றினார். இருபத்தேழாவது நாள் காலை ஆறேகாலுக்கு, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் அறுத்துப்போட்ட உளுந்து வயல், நடுவில் ஒரு வண்டி அகலக் கரை. நான் முன்னால். கார் பின்னால். மெல்லிசாக ஹாரன் வேறு. முட்டை இருக்கிற இடம் நெருங்க நெருங்க மிதிப்பதை மெதுவாக்கினேன். குருவி எழும்பிவிட்டது. ஒரு வாரமாக என்னைப் பார்த்துக் கத்தாதது, அன்றைக்கு என் தலைக்கு மேலே வந்து தொண்டை கிழியக் கத்தியது. நான்தான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்ததோ என்னவோ.

முட்டைக்குப் பத்தடி முன்னால் சைக்கிளைக் குறுக்கே படுக்கப் போட்டேன். நான் அதற்கும் காருக்கும் நடுவில் நின்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "என்ன செய்யிற? எடு அத."

"எடுக்க மாட்டேன்."

"சஃபியா, ஏறு வண்டில."

"நீங்க எறங்குங்க."

"நான் ஏன் எறங்கணும்?"

"வந்ததுலேர்ந்து ஏறு ஏறுன்னுதான் சொல்றீங்க. ஒரு தடவ நீங்க எறங்குங்க. எறங்காம ஒரு அடி எடுத்தாலும் எம்மேல ஏத்திட்டுத்தான் போகணும்."

எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. என்ஜினை அணைத்தார். இறங்கினார். இறங்கியவர் கோபமாகத்தான் வந்தார், ஆனால் பேச ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது.

"இருபத்திரண்டு வருஷம். ஊரான் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனேன். எம் பொண்டாட்டி ஒரு நாளாவது பக்கத்துல உக்காரணும்னுதானே இத வாங்குனேன். நீ அதுல ஏறவே மாட்டேங்குற."

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"உக்காந்தேன்ல? நாகூர் வரைக்கும் உக்காந்தேன். ஒரு வார்த்தை பேசுனீங்களா? கதவத் தொறந்து விட்டீங்க, கண்ணாடியப் பாத்தீங்க. அங்க என்ன செஞ்சீங்களோ அதையேதான் எனக்கும் செஞ்சீங்க. எனக்கு டிரைவர் வேணாங்க. டிரைவர் வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?"

குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "அது ஏன் இந்தக் கத்து கத்துது?" என்றார்.

"முட்டை இருக்கு."

"எங்க?"

"உங்க மூக்குக்கு முன்னாடி."

பார்த்தார். தெரியவில்லை. குனிந்தார். அப்போதும் தெரியவில்லை. ரோட்டில் ஒரு ஆணி கிடந்தாலும் ஐம்பதடிக்கு முன்னால் கண்டுபிடிக்கிற கண் அது. நான் விரலால் காட்டிய பிறகுதான் சரளையிலிருந்து நாலு முட்டை பிரிந்து தெரிந்தது. ஒன்றில் நட்சத்திரம் மாதிரி கீறல் விட்டிருந்தது. நான் பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினேன். கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவந்து கார் பக்கம் உட்காரவைத்தேன். நாங்கள் விலகியதும் குருவி வந்து உட்கார்ந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். "உள்ளேர்ந்து தட்டுது போல. இது அசையுது" என்று கிசுகிசுத்தார்.

அதே நேரத்தில்தான் பின்னால் பொக்லைன் கரையில் ஏறி வந்து, காருக்கு இருபதடியில் நின்றது. கூடவே உளுந்து வயல்காரர் பஞ்சநதமும் வந்தார். ராஜ்குமார் மேலேயிருந்து கையை ஆட்டினார்.

"அண்ணே, வண்டிய முன்னாடி எடுங்க. நூறடில கரை அகலமா இருக்கு, அங்க ஒதுங்கிக்கலாம்."

முன்னால் எடுத்தால் முட்டை மேல்தான் எடுக்க வேண்டும். நான் அவரைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. அவர் எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கிளம்ப மாட்டேங்குது" என்றார்.

"இப்பதான வந்தீங்க?"

"வந்தேன். இப்ப கிளம்ப மாட்டேங்குது."

"நான் வேணா எறங்கி ஒரு தடவ பாக்குறேனே?"

"தம்பி, இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டுனவன் சொல்றேன். இது கிளம்பாது. நன்னிலத்துலேர்ந்து மெக்கானிக் வரணும். மத்தியானம் ஆயிடும். நீ அப்படியே எழுதிக் குடு."

பஞ்சநதம் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன பாய், பழைய வண்டியத் தலையில கட்டிட்டானுங்களா? ஒரு நாளும் நின்னதில்லன்னு சொன்னீங்களே?"

"நின்னுருச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு என்ன செலவானது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ராஜ்குமார் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தூரத்தில் முட்டை மேல் உட்கார்ந்திருந்த குருவியைப் பார்த்தார். என்ஜினை அணைத்துவிட்டு, "சரிண்ணே, வண்டி பழுதுன்னு எழுதிடுறேன்" என்றார்.

மூன்று முட்டை பொரிந்தது, நாலாவது கூமுட்டை. மத்தியானம் குஞ்சுகள் மூன்றும் சரிவில் இறங்கி உளுந்து வயலுக்குள் நடந்து போனதை நான் பிறகு வந்து பார்த்தேன், அவரும் பார்த்தார். ஆனால் நான் சொல்ல வந்தது காலை ஏழு மணிக்கு நடந்தது.

அங்கேயே நின்றால் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்று யாராவது கேட்பார்கள். சாவியோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும். போவதற்கு இருந்தது ஒரே வண்டி. நான் சைக்கிளை நிமிர்த்தி, பொக்லைனைச் சுற்றி வயல் ஓரமாகத் தள்ளிக் கொண்டுபோய், கரையில் ஏற்றி ஏறி உட்கார்ந்தேன்.

"ஏறுங்க" என்றேன்.

கேரியரைப் பார்த்தார். "நான் ஓட்டுறேனே."

"இது என் சைக்கிள். ஏறுங்க."

ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். சைக்கிள் முனகியது. எண்பது கிலோ! முதல் நாலு மிதி வளைந்து வளைந்து போனேன். பிறகு பிடிபட்டது. கரையைத் தாண்டுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். முதலில், பின் சக்கரத்தில் காற்று கம்மி என்றார். அப்புறம், அங்கே ஏர்போர்ட்டில் ஒரு தடவை பதினோரு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். என்னிடம் போனில்கூடச் சொல்லாதது. ஜஸீலா பிறந்த சேதி வந்தபோது ஒரு கடை வாசலில் காத்திருந்தாராம். கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று என் இடுப்பைத் தட்டினார்.

"நில்லு, நில்லு. அது என்ன கத்துது?"

காலை ஊன்றினேன். காது கொடுத்தேன்.

"மைனாங்க."

"மைனாவா?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "மைனா இப்படியா கத்தும்?"

ஊர் எல்லை வந்தது. "மடத்துச் சந்து வழியாப் போயிடலாம், யாரும் இருக்க மாட்டாங்க" என்றார்.

"பெரிய தெரு வழியாத்தான் போவேன்."

"சஃபியா..."

"நாளைக்கும் சைக்கிள்லதான் போவேன். நாளன்னைக்கும். பாக்குறவங்க இன்னிக்கே பாத்துக்கட்டும்."

பெரிய தெருவில் திரும்பினேன். டீக்கடையில் பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். என் தம்பி ஜாஃபர் சாதிக் வாயில் வடையோடு நடுத்தெருவுக்கே வந்துவிட்டான். "என்ன மச்சான் இது? கார் எங்க? லாத்தா, நில்லு லாத்தா, என்னதான் ஆச்சு?"

எனக்கு மூச்சு வாங்கியது, பதில் சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்து அவர்தான் சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"தள்ளி நில்லுடா. வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக் கூடாது."

நான் மணியை அடித்துக்கொண்டே மிதித்தேன்.